ஞாயிற்றுக் குளிரும் வாரநாள் புழுக்கமும்

நம் சபையின் டபுள் பேஸை விற்றுவிடலாம் என்ற யோசனை அடுத்த சபைக் குழுக் கூட்டத்தில் பேசப்பட இருக்கிறது. வாலிபர் சங்கத்தின் இசைக் குழுவில் இருக்கும் எங்களுக்கு இதில் ஒரு கருத்து உண்டு. கூட்டத்துக்கு முன்பே அதைச் சபையார் அறியவேண்டும் என்று இதை எழுதுகிறோம். விற்க வேண்டாம் என்கிறோம். ஆனால் இப்போது வைத்திருப்பதுபோலவேதான் இனியும் வைத்திருப்போம் என்றால், விற்றுவிடுவதே மேல். இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

விற்கச் சொல்கிறவர்கள் தரும் காரணம் எளியது. "அது குளிர்நாட்டு வாத்தியம் தம்பி, சிங்கப்பூர் ஈரத்துக்குத் தாங்காது. எத்தனை தடவை பழுது பார்ப்பது?" என்று மூத்த அங்கிள் ஒருவர் கேட்டார். நல்ல மனதோடு கேட்ட கேள்விதான். கடந்த டிசம்பரில், கிறிஸ்மஸ் கீத ஆராதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வாத்தியத்தின் கீழ்ப்பகுதியில் மேற்பலகையும் பக்கப் பலகையும் சேரும் இடம் ஒரு சாண் நீளத்துக்குத் திறந்துகொண்டது. தந்திகள் விரலால் அழுத்தவே சிரமப்படும் உயரத்துக்கு எழும்பியிருந்தன. உறையின் உட்புறம் பூசணம். வாசித்தால் உள்ளே ஒரு வண்டு சுற்றுவதுபோல் இரைச்சல். பழுதுபார்ப்பவர் வந்து தொகையைச் சொன்னதும், இது தீராத செலவு என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

ஈரம்தான் காரணம் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் முடிவெடுத்தால் தவறான முடிவாகப் போகும்.

மரம் ஈரத்தைக் குடிக்கும், பிறகு விடும். இது நம் எல்லார் வீட்டிலும் நடப்பது. மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்கிறது. டப்பாவைத் திறந்து வைத்தால் அப்பளம் பதத்துப்போகிறது. நம் தபேலா வாசிக்கும் அண்ணன் ஆராதனைக்கு முன் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதும் இதனால்தான். தோல் ஈரத்தில் தளர்ந்தால் சுருதி இறங்கும். டபுள் பேஸில் தோல் இல்லை. ஆனால் அது முழுக்க முழுக்க மெல்லிய பலகை. மேற்பலகை ஸ்புரூஸ் மரம். பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள். மரம் நீளவாக்கில் அநேகமாக அசைவதில்லை. குறுக்குவாக்கில்தான் உப்பும், சுருங்கும். வயலினுக்கும் இதே கதைதான் என்றாலும் வயலினின் அகலம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. பேஸின் கீழ்ப்பகுதி முக்கால் மீட்டரை நெருங்கும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக நீண்ட நாள் இருந்தால் மரத்துக்குள் ஈரம் சுமார் 9 விழுக்காடு. 80 விழுக்காடாக இருந்தால் சுமார் 16. இந்த வித்தியாசத்தில், எதிலும் ஒட்டப்படாத அந்த அகலப் பலகை ஒன்று ஐந்தாறு மில்லிமீட்டர் விரியும். ஆனால் வாத்தியத்தின் பலகை சுற்றிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. விரிய வழியில்லாமல் மேலே வளைந்து எழும்பும். அதன்மேல் நிற்கும் பிரிட்ஜும், வீணைக்காரர்கள் சொல்வதென்றால் குதிரையும், கூடவே எழும்பும். தந்தி உயர்ந்ததற்கு அதுவே காரணம். எவரும் எதையும் திருகிவிடவில்லை.

வெளிப்புறத்துக்கு வார்னிஷ் பூசியிருக்கிறது, உட்புறம் வெறும் மரம். எஃப் வடிவத் துளைகள் இரண்டும் எப்போதும் திறந்தே இருக்கின்றன. ஆகவே வெளியே எவ்வளவு துடைத்தாலும் வாத்தியம் மூச்சு விடுவது உள்ளிருந்துதான்.

பசை திறந்துகொண்டதைப் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல பேஸ்களை விலங்குத் தோலில் காய்ச்சிய பசையால் ஒட்டுகிறார்கள். வெந்நீரும் சூடும் பட்டால் அது இளகும். இவ்வளவு பெரிய வாத்தியத்துக்கு ஏன் இப்படிப்பட்ட பலவீனமான பசை என்று தோன்றலாம். வேண்டுமென்றேதான். பலகை சுருங்கி இழுக்கும்போது மரம் பிளப்பதற்குப் பதிலாக ஒட்டு திறக்கவேண்டும். திறந்த ஒட்டை மறுபடி ஒட்டிவிடலாம், சிறிய வேலை. மரம் பிளந்தால் வாத்தியத்தையே கழற்றவேண்டியிருக்கும். ஆகவே டிசம்பரில் நடந்தது பெரிய பழுது என்று நாங்கள் நினைக்கவில்லை. வாத்தியம் தன்னைக் காத்துக்கொண்டது என்றுதான் சொல்வோம். இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: அன்பு மிகுதியால் எவரும் சூப்பர் க்ளூவோ தச்சர் வெள்ளைப் பசையோ கொண்டுவந்து ஒட்டிவிட வேண்டாம். அது பிறகு விடாது. அடுத்த முறை இழுக்கும்போது பசை நிற்கும், மரம் பிளக்கும். வேறோர் இடத்தில் அப்படி ஒட்டப்பட்ட பேஸ் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். ஒட்டிய கோட்டுக்குப் பக்கத்திலேயே, அதற்கு இணையாக, பலகை கிழிந்திருந்தது.

சரி, சிங்கப்பூரின் ஈரத்துக்கு வருவோம். இங்கே ஆண்டின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். விடியுமுன் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். டிசம்பரும் ஜனவரித் தொடக்கமும் வடகிழக்குப் பருவமழையின் நனைந்த பகுதி. பிப்ரவரியில் காற்று கொஞ்சம் உலரும். கிறிஸ்மஸ் கீதங்களுக்கு வாத்தியம் மிகவும் தேவைப்படும் வாரங்களே அதற்கு மிகவும் ஈரமான வாரங்களாகவும் அமைந்துவிட்டன. இதில் நாம் செய்ய ஒன்றுமில்லை.

ஆனால் எப்போதும் ஒரே ஈரத்தில் இருக்கும் மரம் ஓரளவுக்கு உப்பி அங்கேயே நின்றுவிடும். இந்த வட்டாரத்தில் குளிரூட்டி வருவதற்கு முன், ஜன்னல் திறந்த மண்டபங்களில், மின்விசிறிக்குக் கீழே வாத்தியங்கள் இருந்தன. வாசித்தவர்கள் அதற்கேற்பப் பிரிட்ஜைச் செதுக்கி வைத்துக்கொண்டார்கள். சென்னைத் திரையிசையிலும் டபுள் பேஸ் வாசித்தவர்கள் உண்டு. கடலோர ஊரின் ஈரம் அவர்களுக்கும் தெரியாததல்ல. வாத்தியத்தை உடைப்பது ஏற்ற இறக்கம். வாரம்தோறும் ஒருமுறை உலர்த்தி, மறுபடி நனைத்து, மறுபடி உலர்த்துவது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் முறிவதுபோலத்தான்.

நம் ஆலயத்தில் நடப்பதை இப்போது பாருங்கள். சனிக்கிழமை மாலைப் பயிற்சிக்குக் குளிரூட்டி ஓடுகிறது. ஞாயிறு காலை முதல் பிற்பகல் வரை ஓடுகிறது. பிறகு ஆறு நாள் நிறுத்தம், கதவு ஜன்னல் அடைப்பு. இது போதாதென்று, பேஸ் இருப்பது படிக்கட்டுக்குக் கீழே உள்ள பொருளறையில். அந்த அறையின் ஒரு சுவர் மண்டபத்தின் சுவர். மண்டபத்தை 22 டிகிரிக்குக் குளிர்விக்கும்போது அந்தச் சுவரும் குளிர்கிறது. பொருளறையிலோ குளிரூட்டி கிடையாது, வெளிக்காற்றின் புழுக்கம் அப்படியே இருக்கிறது. புழுக்கக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டால் வியர்க்கும். ஐஸ் போட்ட பண்டோங் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும், குளிரான பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவதும் இதே கணக்கு. நம் பேஸ் வியர்க்கும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஆராதனை நடக்கும்போது மண்டபத்தில் உலர்கிறது, முடிந்ததும் ஈரச் சுவருக்குத் திரும்புகிறது. அந்த அறையைத் தேர்ந்தெடுத்த காலத்தில் மண்டபத்துக்குக் குளிரூட்டி இல்லை. அப்போது அது சரியான இடமாகவே இருந்திருக்கும். குளிரூட்டி வந்த பிறகு அறை மாறவில்லை.

"அப்படியானால் வாரம் முழுதும் குளிரூட்டியை ஓடவிடச் சொல்கிறீர்களா?" என்று பொருளாளர் கேட்பார். கேட்கவேண்டியதுதான். இல்லை, அது வீண் செலவு. நாங்கள் கேட்பது மூன்றே. பாடகர் குழுவின் அங்கிகள் வைக்கும் மாடிச் சிற்றறையில் ஒரு மூலை. அந்த அறைக்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று. ஒரு ஆள். மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

சிற்றறை என்று சொல்லக் காரணம் உண்டு. பேஸுக்குக் காற்றுப்புகாத பெட்டி கிடையாது. பெரும்பாலும் துணி உறைதான். கேமராவை உலர் பெட்டிக்குள் வைப்பதுபோல ஆறடி வாத்தியத்தை வைக்க முடியாது. ஆகவே அறையையே பெட்டியாக்கவேண்டும். அறை சிறியதாக, மண்டபத்தோடு சுவர் சேராததாக, கதவு நன்றாக மூடுவதாக இருந்தால் போதும். கம்ப்ரசர் உள்ள வகை இயந்திரம் நம் தட்பவெப்பத்துக்கு நன்றாக வேலை செய்யும். விலை சில நூறு வெள்ளி. மின்சாரம் விசிறியைவிட அதிகம், குளிரூட்டியைவிட மிகக் குறைவு. தொட்டியில் சேரும் தண்ணீரை ஊற்றவேண்டும், அல்லது குழாய் போட்டு வடிகாலில் விடவேண்டும். தொட்டி நிறைந்தால் இயந்திரம் தானே நின்றுவிடும், பிறகு அறை பழையபடி நனையும். பாடகர் அக்காமாரின் அங்கிகளும் பூசண வாடை இல்லாமல் இருக்கும். இதை நாங்கள் சொல்லாமலே அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் மனுவுக்கு முதல் ஆதரவு அங்கிருந்துதான் வந்தது.

இயந்திரத்தில் என்ன எண் வைப்பது? வெளிநாட்டுப் புத்தகங்கள் 45, 50 என்று சொல்லும். எங்களுக்கு 55க்கும் 60க்கும் நடுவே போதும் என்று படுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் குளிர்ந்த மண்டபத்தின் ஈரப்பதத்துக்கு அதுதான் நெருக்கம். அறைக்கும் மண்டபத்துக்கும் வித்தியாசம் குறைந்தால் மரத்துக்குத் தாவல் இல்லை. பூசணமும் அந்த ஈரத்தில் வளரத் திணறும்.

அளக்க ஓர் ஈரமானி வேண்டும். மலிவாகக் கிடைக்கும், ஆனால் மலிவானவை ஐந்து புள்ளி முன்பின் காட்டும். சரிபார்க்கச் சமையலறையிலேயே வழி இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரையாமல் சேறுபோல ஆக்குங்கள். மூடியையும் ஈரமானியையும் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பையில் வைத்து ஓரிரவு விட்டுவிடுங்கள். உப்புச்சேறு உள்ள மூடிய இடத்தில் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். மானி 79 காட்டினால் அது 4 கூட்டிக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளலாம். வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகள் வீட்டில் செய்து பார்க்கலாம். அம்மாவிடம் உப்புக்கு அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் தேடி வாங்கும் சாதனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாத்தியத்துக்குள் தொங்கவிட டாம்பிட் என்று பச்சை நிறக் குழாய் ஒன்று விற்கிறார்கள். தண்ணீரில் நனைத்து எஃப் துளை வழியாக உள்ளே விடுவது. எங்களில் ஒருவருக்கு டொரொண்டோவிலிருந்து உறவினர் பரிசாக அனுப்பியிருந்தார். அங்கே அது அருமையான சாதனம். பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று எலும்பாக வறண்டுவிடும், மரம் சுருங்கிப் பிளக்கும். வாத்தியத்துக்கு ஈரம் ஊட்டவேண்டும். இங்கே அதை மாட்டினால் மழையில் நனைகிறவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவதுபோல. ஆங்கிலத்தில் கிடைக்கும் பராமரிப்புக் குறிப்புகளில் பெரும்பகுதி குளிர்நாட்டிலிருந்து எழுதப்பட்டவை என்பதை மறக்கவேண்டாம். சிலிக்கா ஜெல் பைகளும் அப்படித்தான். வயலின் பெட்டிக்குள் சரி. பேஸின் துணி உறைக்குள் நாலு பை போடுவது ஒரு மண்டபத்தை உலர்த்த நாலு பை போடுவதற்குச் சமம்.

வில்லைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், வில்தான் முதலில் கெடுகிறது. குதிரைவால் முடி ஈரத்தில் நீளும். பொருளறையிலிருந்து எடுத்ததும் முடி தளர்ந்திருக்கும்; வாசிக்கிறவர் திருகை நன்றாக முறுக்குவார். மண்டபக் குளிரில் ஒரு மணி நேரத்தில் அதே முடி சுருங்கும். யாரும் தொடாமலே வில் மேலும் இறுகும். அப்படியே வைத்துவிட்டுப் போனால் தண்டு கோணும், சில நேரம் முனையே முறியும். ஆகவே ஜெபத்துக்குத் தலை குனியும் நேரமானாலும் ஒரு சுற்றுத் தளர்த்திவிடுங்கள், ஆராதனை முடிந்ததும் முழுக்கத் தளர்த்துங்கள். வில்லை மாதக்கணக்கில் இருட்டில் மூடி வைத்தால் முடியைத் தின்னும் சிறு பூச்சிகள் வரும். வில்லை எடுக்கும்போது முடிகள் கத்தரித்ததுபோல் கொத்தாக உதிர்ந்தால் அதுவே. வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் வைத்தால் அநேகமாக வராது.

பேஸுக்கான ரோசின் வயலின் ரோசினைவிட மென்மையானது. பாப்ஸ் என்பது அதிலும் மென்மை. நம் வெப்பத்தில் சாய்த்து வைத்தால் தேன்போல மெதுவாக வழிந்து பையில் ஒட்டும். நைமன் போன்ற சற்றுக் கடினமான ரோசின் இங்கே நிம்மதி. தந்திகள் எஃகு, வியர்வை பட்டால் துரு. வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும், தந்தியை ஒரு துணி, மரத்தை வேறு துணி. தண்ணீர், மேசைக்குப் போடும் பாலிஷ், இரண்டும் வேண்டாம்.

வாத்தியத்துக்குள் மேற்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு சிறு மரக்குச்சி நிற்கிறது. சவுண்ட் போஸ்ட் என்பார்கள். ஒட்டியிருக்காது, அழுத்தத்தில்தான் நிற்கும். ஈர மாதங்களில் பலகைகள் உப்பி விலகும்போது அது தளர்ந்து விழுந்துவிடலாம். உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டால் உடனே நாலு தந்தியையும் தளர்த்தி, வாத்தியத்தை மெல்லப் பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். நாலு தந்தியும் சேர்ந்து இழுக்கும் இழுவை நூறு கிலோவுக்கும் மேல். தாங்கும் குச்சி இல்லாமல் அந்தப் பாரத்தை மேற்பலகை தனியே சுமந்தால் அமுங்கிவிடும். குச்சியை நாமே நிமிர்த்த முயல்வது வேண்டாம்.

பிரிட்ஜில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுச் சக்கரங்கள் வைக்கலாம். நம் பேஸில் இல்லை. பழுதுபார்ப்பவர் சொன்ன தொகையில் இதுவும் சேர்ந்திருக்கிறது. அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள். சக்கரம் இருந்தால் டிசம்பரில் ஒரு சுற்று இறக்கி, பிப்ரவரியில் ஒரு சுற்று ஏற்றி முடித்துவிடலாம். மழைக்கு ஒருமுறை பிரிட்ஜைச் செதுக்கினால் வெயிலில் தந்தி பலகையில் இடிக்கும்.

நம் பேஸ் எப்படிப்பட்டது என்றும் பார்த்தோம். எஃப் துளையின் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்: மேற்பரப்பின் மரக்கோடுகள் பலகையின் கனத்திலும் தொடர்ந்து இறங்கினால் ஒரே மரத்தில் செதுக்கியது, அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. நம்முடையதில் மேற்பலகை செதுக்கியது, பின்பலகையும் பக்கங்களும் ஒட்டுப்பலகை. ஈரநாட்டுக்கு இது நல்ல கலவை. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் பின்புறம் அவ்வளவாக அசையாது. முன்புறம் மட்டுமே நம் கவலை. பல ஆண்டுகளுக்கு முன் சபையார் உணவுச் சந்தை நடத்திச் சேர்த்த பணத்தில் இதைத் தேர்ந்தெடுத்தவர்கள் விவரமாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இனி கடினமான கேள்வி. பேஸ் கிடார் இருக்கிறதே, அதே நாலு சுருதி, அதே ஆழம், ஈரக் கவலை குறைவு, அது போதாதா? பல பாடல்களுக்குப் போதும். வேகமான பாடல்களுக்கு எங்களுக்கே அதுதான் பிடிக்கும். கேரல் ரவுண்ட்ஸுக்கு வீவக மின்தூக்கிக்குள் டபுள் பேஸை நுழைத்து, கூடவே பன்னிரண்டு பேரையும் கேக் டப்பாக்களையும் ஏற்ற முடியாது. தவிர, வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டால் அந்தச் சூட்டிலேயே பசை இளகும். அங்கெல்லாம் கிடார்தான். ஆனால் கிடாரின் நாதம் தட்டியதும் தேயத் தொடங்கும். வில்லால் இழுத்த நாதம் இழுக்கும்வரை நிற்கும். பாமாலையின் நீண்ட வரியில் முதியவர்கள் மூச்சு எடுக்கும் இடத்தில் கீழே ஒரு தரை இருக்கிறது. மெதுவான கீர்த்தனையில் பல்லவிக்குத் திரும்பும்போது முழு மண்டபமும் ஒரே சுருதிக்கு வந்து சேருகிறது. பெரிய வெள்ளியன்று ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் பாடும் பாடலில் அதன் நாதம் காதுக்கு முன் பெஞ்சுப் பலகையில் தெரியும். இதைக் கேட்டவர்களுக்கு நாங்கள் விளக்கவேண்டியதில்லை. கேட்காத தம்பி தங்கைகளும் சபையில் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகத் தந்தி வாத்தியக் குழுவில் பேஸ் கற்கிறார்கள். வீட்டில் வைக்க இடமில்லை. வாத்தியம் இருக்கும் இடம் அவர்களுக்கு இந்த ஆலயம்தான்.

இப்போது அந்த மூன்றாவது. வாங்குவதற்குப் பணம் தர நம் சபை என்றும் தயங்கியதில்லை. உணவுச் சந்தையில் பிரியாணி தீர்ந்துபோகும் வேகம் தெரியும். வாங்கிய பிறகு அது எல்லாருடையதும் ஆகிவிடுகிறது, எல்லாருடையது என்றால் வாரநாளில் யாருடையதும் இல்லை. முதலாம் நாளாகமம் 9ஆம் அதிகாரத்தில் பாடகர்களைச் சொல்லும் அதே இடத்தில், ஆராதனைப் பணிமுட்டுகளை எண்ணி உள்ளே கொண்டுபோய் எண்ணி வெளியே கொண்டுவந்தவர்களையும் சொல்லியிருக்கிறது. பாட்டுக்குப் பட்டியல் போட்டவர்கள் பாத்திரத்துக்கும் ஆள் வைத்தார்கள். நம் வாராந்தரப் பட்டியலில் வரவேற்பாளர், காணிக்கை எடுப்பவர், பூ அலங்கரிப்பவர், ஒலி ஒளி எல்லாம் இருக்கிறது. வாத்தியம் காப்பவர் என்று ஒரு வரி இல்லை.

அந்த ஆளுக்கு வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை. புதனன்று கால் மணி நேரம் வேண்டும். ஈரமானியைப் பார்த்து ஏட்டில் எழுதவேண்டும். தொட்டித் தண்ணீரை ஊற்றவேண்டும். விரல் முட்டியால் வாத்தியத்தின் ஓரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வரவேண்டும். ஒட்டு திறந்த இடத்தில் சத்தம் ஓட்டையாகக் கேட்கும், ஒரு விரற்கடை அளவிலேயே பிடித்துவிடலாம். பிரிட்ஜ் நேராக நிற்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்க்கவேண்டும். ஞாயிறன்று வாத்தியத்தை உறையோடு மண்டபத்துக்குக் கொண்டுவந்து, அரை மணி நேரம் கழித்து உறையைக் கழற்றி, குளிர்காற்று நேராக விழும் துவாரத்துக்குக் கீழே நிற்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இவ்வளவுதான். வாலிபர் சங்கத்திலிருந்து நாங்கள் ஆறு பேர் மாற்றி மாற்றிச் செய்ய ஒப்புக்கொண்டு பெயர் கொடுத்திருக்கிறோம். ஆனால் எங்களில் மூவர் அடுத்த ஆண்டு தேசிய சேவைக்குப் போகிறவர்கள். ஆகவே பெரியவர் ஒருவரின் பெயரும் பட்டியலில் வேண்டும். அந்தப் பெயர் கிடைக்கவில்லையென்றால், அறையும் இயந்திரமும் மட்டும் தந்து எங்களைத் திருப்திப்படுத்த வேண்டாம். பராமரிக்கத் தெரிந்த ஒரு பள்ளிக்கோ இசைக்குழுவுக்கோ இந்தப் பேஸைக் கொடுத்துவிடுங்கள். இன்னும் இரண்டு மழைக்காலம் அந்தச் சுவரில் சாய்ந்து நின்ற பிறகு வாங்க ஆள் இருக்காது.

படிக்கட்டு அறையில் ஒன்றும் அங்கி அறையில் ஒன்றுமாக இரண்டு ஈரமானிகளை மாட்டியிருக்கிறோம். இரண்டும் உப்புச் சோதனை செய்தவை. புதன், சனி, ஞாயிறு மாலை எண்களை எழுதிய தாள் அறிவிப்புப் பலகையில், ஞாயிறு பள்ளிக் கால அட்டவணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. படிக்கட்டு அறையின் பத்தியில் 80க்குக் கீழே ஓர் எண்கூட இதுவரை இல்லை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பொருளறைக்குள் போய் மண்டபத்துச் சுவரில் உள்ளங்கையை ஒருமுறை வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு போனால் நல்லது. சாவி தோட்டப் பக்கத்து அலுவலகத்தில் இருக்கிறது.